கடைசி வரியை முதலில் எழுதியவளுக்கு

துப்பட்டாவை உதறினேன். சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. டியூஷன் முடிந்து மாப்பிள்ளையூரணியில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறேன். தொண்டை எரிகிறது. உப்பு லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. தினமும் இப்படித்தான்.

என் குரல் உனக்குத் தெரியும், முதல் பெஞ்சைத் தாண்டாது. பின்னாலிருந்து "கேக்கல மிஸ்" என்று கத்துவார்கள், கேட்டாலும் கத்துவார்கள். டியூஷன் நடத்துகிற அண்ணாச்சி நேற்று சொல்லிவிட்டார்: "ஏம்மா, கணக்கு நல்லாத்தான் போடுத. ஆனா கிளாஸ்ல ஆள் இருக்கதே தெரியலயே. இந்த மாசம் பாப்பேன், பெறகு வேற ஆள்தான்." தலையாட்டினேன். அதற்கும் குரல் வரவில்லை.

பிளஸ் ஒன் படிக்கும்போது உன் தருவைகுளம் பஸ் வரும்வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து திரிகோணமிதி முற்றொருமைகளை நிரூபிப்போமே. இரண்டு பேர் வீட்டிலும் கேட்டுப் படிக்க ஆள் கிடையாது. நான் எல்லாவற்றையும் சைன், காஸாக மாற்றி வரிவரியாக ஊர்ந்து வருவேன். நீ சமக்குறிக்கு வலப்பக்கத்தில் உள்ளதை, வந்து சேரவேண்டிய கடைசி வரியை, முதலிலேயே தாளின் அடியில் எழுதிவிட்டுத்தான் மேலே போவாய்.

"போற ஊரு தெரிஞ்சிட்டுல்லா, பெறகென்ன? ஏளா, நீ மாத்தி முடிக்கதுக்குள்ள என் பஸ் போயிரும்."

மேலிருந்து வந்தது அடியில் இருப்பதோடு சேராமல் நின்றால், தாளை என் மடியில் தள்ளுவாய். "நடுவுல நீ போடு."

காலேஜ் கடைசி வருஷம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத இன்றும் தெம்பில்லை.

இன்றைய கணக்கில் இரண்டு பின்னங்கள். ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தால் மற்றது. இரண்டையும் கூட்டினால் இரண்டு செக் தீட்டா வரவேண்டும். ஒரு வரி எழுதுவதற்குள் "கேக்கல மிஸ்" தொடங்கிவிட்டது. திரும்பவும் கத்த என்னிடம் குரல் மிச்சமில்லை. குனிந்து, போர்டின் அடியில் கடைசி வரியை எழுதினேன். சாக்பீஸை முன்பெஞ்சில் வைத்தேன். "நடுவுல நீங்க போடுங்க."

முன்பெஞ்சுப் பையன் ஒருவன் சாக்பீஸை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனான். பிறகு கிளாஸ் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

"பகுதிய ஒண்ணாக்கணும் மிஸ்!"

"லேய், மொதல்ல அத விரிலே!"

"சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் சேந்தா ஒண்ணுலே, மண்டு!"

மேலும் கீழும் ஒரே உறுப்பு அடிபட்டுப் போக, அவர்கள் வரி என் கடைசி வரியில் வந்து முட்டியது. ஒரே கூச்சல். அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, மீன் ஏலமா நடக்கு?" போர்டைப் பார்த்தார். "நாளைக்கும் இந்தச் சத்தம் வருமா?"

"வரும் அண்ணாச்சி."

அவருக்குக் கேட்டது.

வேலை நிலைக்குமா, தெரியாது. தருவைகுளம் பஸ் என்னைக் கடந்து போகிறது. நான் ஏற வேண்டியது அதுவல்ல. நீ கடைசியாகத் தள்ளிய தாள் இன்னும் என் மடியில்தான் கிடக்கிறது. அலுப்பாக இருக்கிறது, ஏளா. நடுவில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.