லாரிக்குக் கொடுத்த பேதி மருந்து

ராயபுரம்,
ஐப்பசி, 1933

என் மூத்த மகன் கோதண்டத்துக்கு உன் நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உன் தம்பி துரையும் உடம்பில் உயிரோடு நல்லபடியாக இருக்கிறோம், ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க அங்காளம்மனை வேண்டுகிறோம். இது மனு எழுதும் தாமஸ் எழுதிக் கொடுத்ததல்ல, நானே எழுதுகிறேன். தொழிலாளர் சங்கத்து இரவுப் பள்ளிக்கூடத்தில் தை மாதம் முதல் படிக்கிறேன். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துபோகிறது, ஆனாலும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா. தாமஸ் நான் சொன்ன வசவையெல்லாம் விட்டுவிட்டு நலம் நலம் என்று எழுதிவிடுவார், இனி அது நடக்காது.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். துரையை அடித்த சேதி கேட்டு, பொங்கலுக்குக் கத்தியோடு வருவேன், லாரி முதலாளி சுப்புராஜின் கையை மணிக்கட்டோடு எடுப்பேன் என்று எழுதியிருந்தாய். அம்மா பக்கத்தில் இருந்தாள், அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். உனக்குப் பாதிக் கதைதான் வந்திருக்கிறது, மீதியையும் கேள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சுப்புராஜ் தன் உப்பு லாரியைக் கழுவி, உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்று இஞ்சின் கழுவும் மருந்து ஒரு டப்பா வாங்கி எண்ணெயோடு ஊற்றி ஓடவிட்டிருக்கிறான். நமக்குப் பேதி மருந்து மாதிரிதான் அது, உள்ளே ஒட்டிக் கிடக்கும் பழைய கசடையெல்லாம் இளக்கிவிடும். உடனே அந்த எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். ஆனால் அதற்குள் ஸ்பானரையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள், பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுப்பானா. மறுநாளும் யாரும் தொடவில்லை. விஜயதசமி அன்று ராகுகாலத்துக்கு முன்னே புறப்பட வேண்டும் என்ற அவசரத்தில் எலுமிச்சம்பழத்தை நசுக்கி வண்டியை அனுப்பிவிட்டான். ஊருக்குப் போயிருந்த துரை நேரே வந்து வண்டி ஓட்ட ஏறினவன், அவனுக்கு மருந்து ஊற்றியதே தெரியாது.

எண்ணூரில் உப்பு ஏற்றிக்கொண்டு திருவொற்றியூர் வரும்போது இஞ்சினுக்குள் யாரோ சம்மட்டியால் அடிப்பது போல் சத்தம் வந்ததாம். நிறுத்துவதற்குள் உள்ளே ஓடும் இரும்பு ராடு முறிந்து இஞ்சினின் இரும்புச் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து, கொதிக்கிற எண்ணெய் துரை காலில் கொட்டித் தோல் உரிந்துவிட்டது. மாட்டைக் கட்டி வண்டியை இழுத்து வந்தார்கள். தீபாவளி கழித்து வேறு முதலாளியிடம் போகிறேன் என்று துரை முன்பே சொல்லியிருந்தான் அல்லவா, அந்தக் கோபத்தில் இஞ்சினுக்குள் மண் போட்டுவிட்டான் என்று ஷெட்டில் எல்லாரும் பேச, தண்டையார்பேட்டை மெக்கானிக் ரஷீது வந்ததும் வராததுமாக, தான் பழுதுபார்த்த இஞ்சின் போய்விட்டதே என்று துரை வாயில் குத்தினான். பல் ஒன்று போயிற்று. சேதி கேட்டு ஓடிப்போயிருந்த நான் குறுக்கே விழுந்தேன், என்னையும் தள்ளிவிட்டார்கள். சுப்புராஜ் வண்டியைக் கிளப்பச் சுற்றும் இரும்பு ஹாண்டிலை எடுத்து, "எந்தக் கையால மண்ணு போட்ட, சொல்லு" என்று கேட்டுக்கொண்டே வலது கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் என் காதிலேயே இருக்கிறது. போலீசுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மண்ணைக் கண்ணால் பார்க்கட்டும் என்று ரஷீது வண்டிக்கு அடியில் படுத்து இஞ்சினின் எண்ணெய்ச் சட்டியைக் கழற்றினான். மண் இல்லை. எண்ணெய் உறிஞ்சும் சல்லடை முழுக்க தார் மாதிரி கசடு அப்பிக் கிடந்தது, ஒரு சொட்டு எண்ணெய் மேலே ஏறியிருக்காது, பேரிங் வறண்டு உருகிப்போயிருந்தது. "இதுக்குள்ள இன்னா ஊத்தினீங்க" என்று ரஷீது கேட்டான். அந்தக் காலி டப்பா சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. எல்லாரும் அதைப் பார்க்க, சுப்புராஜ் தானே சொன்னான், "ஸ்பானரு பூஜைல கீது, எப்டித் தொடறது."

அந்த நேரம் பார்த்து உன் அம்மா வந்து சேர்ந்தாள். டப்பாவை எடுத்து ஓங்கி அவன் நெற்றியில் ஒரு போடு போட்டாள், அவனுக்கும் சிவப்பாகப் பொட்டு வந்தது. ரஷீது தலையைக் குனிந்து நின்றான், அவனுக்கும் நாலு விழுந்தது, ஒன்றுக்கும் கை தூக்கவில்லை.

பிறகு ரஷீதுதான் உடைசல் கடையில் வேறு ராடு தேடி எடுத்து, பிளந்த சுவருக்கு இரும்புத் தகடு வைத்து முடுக்கி, புதுப் பேரிங்கை அளவுக்குச் சுரண்டிப் போட்டு, சல்லடையை மண்ணெண்ணெயில் ஊற வைத்துக் கழுவி, வண்டியை எழுப்பினான். ஓட்டினவன் காது கேட்டால்தான் ஓசை சரியா என்று தெரியும் என்று துரையையும் கூப்பிட்டான். கட்டுப்போட்ட கையோடு துரை ஏறி உட்கார்ந்தான். அதே ஹாண்டிலைச் சுப்புராஜ் பிடித்தான், அவனைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இஞ்சினில் தீப்பொறி விழுவதை முந்த வைக்கும் லீவர் ஒன்று இருக்கிறது, அதை மேலே விட்டுவிட்டுச் சுற்றினால் ஹாண்டில் திருப்பி அடித்துச் சுற்றுகிறவன் கையை முறித்துவிடும். லீவர் துரையின் இடது கையில் இருந்தது. சுப்புராஜுக்கும் அது தெரியும், குனிந்தவன் சுற்றாமல் துரை முகத்தையே பார்த்தான், வியர்வை ஹாண்டிலில் சொட்டியது. பொய் எழுத மாட்டேன் கோதண்டம், முறியட்டும் என்றுதான் நான் நினைத்தேன். துரை வெகுநேரம் லீவர் மேல் கையை வைத்திருந்தான். அப்புறம் அதைக் கீழே இறக்கினான். "கட்டை வெரலை அந்தாண்ட வெக்காத மொதலாளி, திருப்பி அடிச்சா வெரலு இருக்காது" என்றான். வண்டி முதல் சுற்றிலேயே எழுந்தது. ஓசையைக் கேட்டான், சரி என்றான், இறங்கி நடந்து வந்துவிட்டான். கட்டு அவிழ்த்ததும் ஜஹாங்கீர் சாயபுவின் லாரியில் ஏறுகிறான்.

அவன் விட்டுவிட்ட கையை நீ கடல் தாண்டி வந்து வெட்டாதே. காலாகாலத்தில் சாப்பிடு, கப்பலில் சுமை தூக்கும்போது அடியில் நிற்காதே. நீ நூறு வயசு இருக்க வேண்டும். பொங்கலுக்குக் கத்தி வேண்டாம், அம்மாவுக்கு ஒரு கம்பளி கொண்டு வா. பதிலை நீயே எழுது, நானே அவளுக்குப் படித்துக் காட்டுவேன், இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல் படிக்கிற மாதிரி எழுது.

பெருவிரல் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் நைனா
நீலமேகம்