டீச்சரைத் திட்டாதே

அண்ணாவுக்கு,

வாக்காளர் பட்டியல் எடுத்த டீச்சரை இனிமேல் திட்டாதே.

ஓட்டுப் போட வரச்சொல்லி வீடு வீடாகப் போனபோது உன்னிடமும் வந்தேன். அன்று ஏரியில் வலை போடும் பாடு உன் முறை. "பாடு அடுத்த வாரம்கூட வரும்ண்ணா, இது அஞ்சு வருசத்துக்கு ஒரு தபாதான்" என்றேன். உன் முறையை விட்டுவிட்டு வந்து வெயிலில் நின்றாய். பட்டியலில் உன் பேர் இல்லை. "வுடும்மா, நீ இன்னா பண்ணுவே?" என்று எனக்கே ஆறுதல் சொன்னாய்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் டீச்சர் பேர் சரிபார்க்க வந்தபோது உன் வீடு பூட்டியிருந்தது. என்னைக் கேட்டார். நாம் பேசிக்கொள்ளாத நேரம்.

"அவுரு ஊரவுட்டே பூட்டாரு" என்றேன்.

நீ கோட்டைக்குப்பத்தில் மாமியார் வீட்டில் இருந்தது எனக்குத் தெரியும்.

நேற்று நீ கொடுத்தனுப்பிய நண்டை இன்னும் தொடவில்லை.

உன் தங்கை