நால்வருக்கும் ஒரே பேர்

பகடை டப்பாவை இன்று மதியம் திறந்தேன். உன் பாக்கு வாசனை இன்னும் போகவில்லை. வாயில் வைத்த கையாலேயே உருட்டுவாய். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். செத்தும் என் பேச்சைக் கேட்கவில்லை நீ.

என் மருமகள் கொண்டுவந்த விளையாட்டு அது. ஊரப்பாக்கத்தில், ஞாயிறு மதியம், எங்கள் வீட்டு மேசையைச் சுற்றி உட்காருவோம். பகடையில் விழுவதைப் பார்த்து அவள் கதை சொல்வாள். அந்தக் கதைக்குள் பக்கத்து வீட்டுக்காரி நீ படகோட்டி, நான் மருத்துவச்சி, மாடி வீட்டு அக்கா தங்கை காவல்காரிகள். ஐந்தாவதோடு படிப்பு நின்றுபோன என்னை, அந்தக் கதையில் ஊர் ஊராகக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும்.

எவள் செய்தாளோ அவளுக்கே பரிசு, அவளுக்கே பேர். புத்தகத்தில் இருந்த விதி அதுதான். நீதான் மாற்றினாய். "ஒரே படகுல போய்கினு கீறோம், இன்னாத்துக்குடி உனுக்குத் தனி, எனுக்குத் தனி? பரிசும் பொது, பேரும் பொது." பல்லை இளித்துக்கொண்டு நானும் தலையாட்டினேன். ஒருத்தி நல்லது செய்தால் நால்வருக்கும் பேர் ஏறும். ஒருத்தி கெடுத்தால் நால்வருக்கும் இறங்கும்.

மாபலிபுரம் மாதிரியே மருமகள் உண்டாக்கிய கடற்கரை ஊரில், மீனவர்கள் நம்மை ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். நீ அவர்கள் படகையே திருடினாய். அடுத்த வார ஆட்டத்தில் அங்கே ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். மருந்தோடு போன என்னைத் திருட்டுக் கும்பல் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். குழந்தை செத்தது. நீ சிரித்தாய். "அய்ய, காயிதக் கொயந்தைக்கா அயுவுற?"

பழைய விதியைக் கொண்டுவந்து, உன் பேரை மட்டும் தெருவில் இழுக்கக் காத்திருந்தேன். அந்த ஞாயிறு வருவதற்குள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் உன் நெஞ்சு நின்றுவிட்டது. உனக்கு மாலை போட்டபோதும் என் கோபம் ஆறியிருக்கவில்லை.

இன்று மருமகள் சொன்னாள்: "அத்த, அவங்கள ஆட்டத்துலேர்ந்து எடுத்துட்டா திருட்டும் அவங்களோட போய்டும். உங்களுக்குக் கதவு தொறந்துடும்."

"எடுக்காத. படகோட்டியும் எங்களோடதான் வரா. ரூலும் அப்படியே கெடக்கட்டும்."

அவ்வளவு சுலபமாக உன்னைத் தப்பவிடுவேனா? ஆட்டத்தில் மறுபடி அந்த ஊருக்கே போனேன். கதவைத் தட்டினேன். உள்ளிருந்து யார் என்று கேட்டார்கள்.

மருத்துவச்சி என்று சொல்லவில்லை. "படகத் திருடுனாளே ஒருத்தி, அவ கூட்டாளி" என்றேன்.