சப்பாத்துத் தாள்

கொழும்பு
05.05.2024

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

நான் நலம். நீயும் சின்னவள் ஜெரோமியும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். கடையில் இந்த மாதமும் லீவு இல்லை. மூத்தவள் லோஜனாவை அவள் வேலை செய்யும் வீட்டில் போய்ப் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள்.

ஜெரோமி வலைப்பந்தில் மாகாணத்துக்குத் தெரிவானது சந்தோஷம். வெறுங்காலோடு எத்தனை நாள் ஓடுவாள்? பள்ளியில் தரும் சப்பாத்து வவுச்சருக்கு ஒரு தாள் அனுப்பியிருக்கிறேன். பள்ளி அதிபருக்கு உன் கைநாட்டுதான் வேண்டுமாம். கந்தப்பன் அண்ணன் வாசித்துக் காட்டுவார். லோஜனாவுக்கு வைத்தாயே, அதே போல வைத்து அவரிடமே கொடுத்துவிடு.

உன்
அந்தோனிமுத்து


கீழ்ப்பிரிவு லயம், ராகலை
14.05.2024

அன்புள்ள ஜெரோமி அப்பாவுக்கு,

இது என் கையால் எழுதும் முதல் கடிதம். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் போகிறேன் என்று போனில் சொன்னது பொய். யாழ்ப்பாணத்து ஊர்மிளா டீச்சர், கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். அது முடிந்ததும், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் வலைப்பந்து. கொழுந்து பறிக்கும் பெண்கள் பதினான்கு பேர். நான் கோல் காக்கிறேன். ஜெரோமிதான் எங்களைத் திட்டித் திட்டி ஓடவைக்கிறாள். நீங்கள் வரும்போது எழுதிக் காட்டலாம் என்று ஆசையாக இருந்தேன்.

கந்தப்பன் அண்ணன் உங்கள் கடிதத்தோடும் தாளோடும் வந்தார். "குடுங்கண்ணே, நானே வாசிக்கிறேன்" என்றேன்.

"ஒனக்கு எதுக்கு தங்கச்சி அந்த வேல? வெரல மட்டும் வையி."

வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்தேன். சப்பாத்து என்ற சொல்லே அதில் இல்லை. என் மகளைப் பள்ளியிலிருந்து விலக்க விடுகைப் பத்திரம் தாருங்கள் என்று நானே கேட்பதாக இருந்தது. நான்தான் பிழையாக வாசிக்கிறேனோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

லோஜனாவுக்கு வைத்த தாளிலும் இதுதானா? அவளே ஆசைப்பட்டுப் படிப்பை விட்டாள் என்றல்லவா சொன்னீர்கள்? உண்மையை எழுதுங்கள்.

சுகிர்தம்


கொழும்பு
26.05.2024

சுகிர்தம்,

கோபப்படாதே. ஆமாம், இதேதான். கேட்டால் அழுவாய், விடமாட்டாய் என்று தெரியும். ஒரே காம்பராவில் நெருக்கியடித்துக் கிடப்பதற்கு நல்ல வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஜெரோமியும் கூடையோடு மலை ஏறக்கூடாது என்றுதான் இங்கே வீட்டு வேலைக்கு இடம் பார்த்தேன். பந்து விளையாடி என்ன ஆகப்போகிறாள்? வேலைக்குப் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது கந்தப்பன்தான், அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். வெட்கமாக இருந்தது. லோஜனாவிடம் மட்டும் சொல்லிவிடாதே. நீயும் சம்மதித்துத்தான் அனுப்பினாய் என்று நினைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

அந்தோனிமுத்து


கீழ்ப்பிரிவு லயம், ராகலை
16.06.2024

ஜெரோமி அப்பாவுக்கு,

ஜெரோமி நுவரெலியாவில் விளையாட்டு விடுதி உள்ள பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அதிபர் மை டப்பாவை நீட்டினார். "வேணாங்க சார், பேனா குடுங்க" என்றேன். படிவம் முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். சப்பாத்து எங்கள் டீம் பெண்கள் வாங்கிக் கொடுத்தது. நீங்கள் அனுப்பிய தாள் ஊர்மிளா டீச்சரிடம் பத்திரமாக இருக்கிறது.

லோஜனா போன அன்று என் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாள். ஐந்து வருடமாகப் போனில் "ம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. பட்டணம் போனதும் பிள்ளைக்குப் பெருமை வந்துவிட்டது என்று நானும் ரோஷமாக இருந்தேன். அம்மாவே விரல் வைத்து அனுப்பிவிட்டாள் என்று அந்தப் பிள்ளை எத்தனை நாள் அழுதாளோ.

உங்களை வெறுக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் இனி நீங்கள் சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது.

உள்ளே ஒட்டிய உறை ஒன்று வைத்திருக்கிறேன். அது லோஜனாவுக்கு. அவள் கையில் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள், தானே வாசிப்பாள். நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டாம்.

அவள் வீட்டுக்கு வரும்போது நீங்களும் கூட வாருங்கள். அவள் இல்லாமல் நீங்கள் மட்டும் வர வேண்டாம்.

சுகிர்தம்