சின்னன் என்று சொன்ன ஹாட் டிஸ்க்

மச்சான்,

இன்று பழைய கணினியைத் துடைக்கும்போது ஹாட் டிஸ்க்கின் பின்னால் அந்த ஜம்பர் விரலில் தட்டுப்பட்டது. நெல்மணி அளவு கறுப்புப் பிளாஸ்டிக். டிஸ்க்கின் இரண்டு ஊசிகளை இணைத்து அதன் அளவைக் குறைத்துக் காட்டும் துண்டு. துடைப்பதை விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

விசுவமடுவில், போரால் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தின் ஓலைக் கொட்டிலில் நானும் நீயும் படிப்பித்த காலம். இருந்தது ஒரேயொரு கணினி. பிள்ளைகளுக்குப் புத்தகம் வராததால் நீ இருந்து தட்டிய இரசாயனப் பாடங்கள் முழுவதும் அதற்குள். பழைய டிஸ்க் டக் டக்கென்று அடிக்கத் தொடங்கியதும் கொழும்புக்கு ஓடிப் புதியது வாங்கி வந்தாய். பாடங்களைப் புதியதற்கு மாற்ற இரண்டையும் சேர்த்து மாட்டினோம். திரை கறுப்பாகவே நின்றது. வயரை மாற்றினோம், கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். ஜெனரேட்டரில் மண்ணெண்ணெய் முடியப்போகிறது.

"நாசமாப்போன சாமான், தூக்கி எறியடா!" என்று கத்தினேன்.

நீ டிஸ்க்கில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தாய். ஜம்பரைப் பிடுங்கி வேறு இரண்டு ஊசிகளில் செருகினாய்.

"புதுசு நாலு கிகாபைட். இந்தப் பழைய கொம்பியூட்டருக்கு ரெண்டுக்கு மேலை விளங்காது. பெரிசு எண்டால் மிரளுது மச்சான். சின்னன் எண்டு சொல்லுவம், விட்டிடும்."

விட்டது. புதிய டிஸ்க்கில் பாதி இடம் போனாலும் பாடங்கள் தப்பின. "ஆமியின்ரை சோதனைத் தடையிலையும் இப்பிடித்தான். டிஸ்க்கைப் பாத்து என்ன இது எண்டாங்கள், பழுதான ரேடியோச் சாமான் எண்டன்" என்று சிரித்தாய்.

அடுத்த மாரியில் உனக்கு நெஞ்சு நோ வந்தது. வவுனியா ஆஸ்பத்திரிக்கு அதே தடையைத் தாண்ட வேண்டும். சைக்கிள் கரியரில் உன்னை ஏற்றி மிதித்தேன். "உள்ளதைச் சொல்லடா" என்று கெஞ்சினேன்.

"பெரிய வருத்தம் எண்டால் ஆயிரம் கேள்வி கேப்பாங்கள். சளி எண்டு சொல்லுறன், கெதியா விடுவாங்கள்."

சளிக்கு உங்கள் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். "ஐயா, இவனுக்கு நெஞ்சு வருத்தம்!" என்று நான் கத்தியதை ஒருவரும் காதில் போடவில்லை. திரும்பி வரும் வழியில் என் முதுகில் சாய்ந்தாய். களைப்பு என்று நினைத்து மிதித்துக்கொண்டே இருந்தேன். கொட்டில் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது உனக்கு மூச்சில்லை.

ஐயோ, ஏனடா அப்படிச் சொன்னாய்? இத்தனை வருடமாகியும் உன்மேல் கோபம் ஆறவில்லை. ஜம்பரையும் நான் இன்னும் கழற்றவில்லை.

போன கிழமை எனக்கு மருந்தெடுக்கப் போன ஆஸ்பத்திரியில் என்ன வருத்தம் என்று தாதி கேட்டார். "சின்னன்தான்" என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பெரிசு பிள்ளை, நெஞ்சு நோகுது!" என்று வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். உனக்கும் சேர்த்துத்தான் கத்தினேன், மச்சான்.