அப்பாவின் கால் ஆணியும் நோதாரின் மூக்கும்

என் செல்ல மகள் மக்வலாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் நீ கூலிக்குப் பார்த்துக்கொள்கிற அந்த வயசான அம்மாவும் அந்த வெளிநாட்டுப் பாரி நகரத்தில் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நேற்றுவரை இந்த வீட்டில் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தவள் நான்தான், உண்மையில் உதை வாங்கியிருக்க வேண்டியவளும் நான்தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் நான் அழுவேன், நீ வேலையைப் போட்டுவிட்டு அங்கே அழுவாய், அதனால் ஞாயிற்றுக்கிழமை வேனில் வருகிற வால்நட் மூட்டைக்குள் இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

உன் அப்பாவின் வலது கால் கட்டைவிரல் மூட்டில் இருக்கிற ஆணி உனக்குத் தெரியும், நீ பிறப்பதற்கு முன்பே அது பிறந்துவிட்டது. மெத்தென்ற தோல் பூட்ஸில் விரலை மடக்கி அந்த மூட்டின் மேல் நாற்பது வருடம் நம் ஊர் வாள் ஆட்டம் ஆடிக் குதித்தால் வேறு என்ன முளைக்கும். ஆணி இல்லாதவன் ஆட்டக்காரனே இல்லை என்பார். மாதம் ஒரு முறை முற்றத்தில் உட்கார்ந்து சவரக்கத்தியால் அதைச் சீவி, திராட்சைச் சாராயத்தை ஊற்றிக் கழுவுவார், பேசினில் ரத்தம் சொட்டும், மனுஷன் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். வலிக்கிறது என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆட்டக்காரர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் மற்றவர்கள் பாவாடை வாங்கித் தரட்டுமா என்று கேட்பார்கள். போன வருடம் சர்க்கரை வந்த பிறகு டாக்டர் லமாரா கத்தி வைக்கவே கூடாது என்று சொல்லியும் இவர் விடவில்லை. கத்தி இல்லாமல் அதை எடுக்க வழி தேடினேன். சந்தையில் ஆணி பிளாஸ்டர் விற்கிறவள், "சதையைத் தொடாதும்மா, ஆணியை மட்டும் தின்னுட்டுப் போயிடும்" என்றாள், வாங்கி வந்து ஒளித்து வைத்தேன்.

உன் சித்தப்பா மகன் ஸாஸாவின் கல்யாணத்தன்று, வழக்கம்போல் ஆட்டத்துக்கு முன் விரலுக்குத் துணி சுற்றச் சொல்லிக் காலை நீட்டினார். முப்பது வருடமாக அது என் வேலை, அவர் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. துணிக்கு அடியில் பிளாஸ்டரை ஒட்டிவிட்டேன், ராத்திரி வந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கல்யாணம் இரண்டு நாள் ஓடியது. வாளும் கேடயமும் மோதித் தீப்பொறி பறந்தது, உன் சித்தப்பாவின் விரல் முட்டி கிழிந்தது, அதற்கும் சிரித்து ஊற்றிக் குடித்தார்கள், உன் அப்பா பூட்ஸுடனேயே அங்கே படுத்துவிட்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து காலை இழுத்தபோது துணியும் பிளாஸ்டரும் பூட்ஸுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. விரல் மூட்டு வெள்ளையாக வெந்து, நடுவில் குழியாகி உள்ளே சிவப்புத் தெரிந்தது.

அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. பூட்ஸ் புதிது, தைத்தவன் நோதார், ஆட்டக்காரர்களுக்குத் தைக்க இங்கே வேறு ஆள் இல்லை; போன வருடம் ஆட்டத்தின் முன்வரிசையில் தன் மகனை நிறுத்தவில்லை என்று இவரோடு பேச்சை முறித்துக்கொண்டவன். "தோல் பதப்படுத்துற காரத்தை உள்ள தடவிட்டான்டி அந்தத் துரோகி" என்று ஒற்றை பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிக் கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். கடைக்குள் போனதும் பூட்ஸ் செய்கிற மர அச்சை எடுத்து நோதாரின் முகத்தில் ஓங்கி அடித்தார். மூக்கு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே, "என்ன வெச்சிருக்கேன், நீயே பாருடா" என்று கத்தியால் பூட்ஸைக் கிழித்து உள்ளே கையை விட்டான். கையில் வந்தது என் துணி, என் பிளாஸ்டர். அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு உன் அப்பா எட்டிப் பார்ப்பதற்குள் கையை மூடிக்கொண்டு, "தோலு சரியில்ல ஜும்பெர், என் தப்புதான், போ" என்றான். அதற்கு இன்னொரு அடி விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை மக்வலா. அங்கேயே நின்றேன்.

லமாராவிடம் மட்டும் சொன்னேன், அந்த அறையிலேயே என்னைக் கிழித்துவிட்டாள். எலும்பு அழுத்துகிற இடத்தில் தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தடிக்கிறது, தடித்தது உள்நோக்கிக் கூராகிக் குத்துகிறது, அதுதான் ஆணியாம். அழுத்தத்தைக் குறைக்க வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும், சர்க்கரை இருந்தால் அதையும் வீட்டில் செய்யாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும், அந்தப் பிளாஸ்டரில் இருப்பது அமிலம், சர்க்கரை உள்ளவர்கள் தொடவே கூடாதாம். அதன் பிறகு தினமும் வீட்டுக்கு வந்து ஊசி முனையால் அவர் விரலைத் தொட்டு வலிக்கிறதா என்று கேட்டாள். தினமும் இவர், "இல்ல" என்றார். அவள் என்னைத் தனியே கூப்பிட்டு, "உணர்ச்சி செத்துப்போயிருந்தா பத்து நாள்ல விரலை எடுக்கணும். நெஜமாவே தெரியலையா, இல்ல வீம்பா? நீங்கதானே பொண்டாட்டி, சொல்லுங்க" என்றாள். எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். ஒரு தட்டு மிச்சமில்லை, ஒயின் ஜாடி சுவரில் சிதறியது, என் தலைக்குப் பக்கத்தில் சுவரில் குத்தியதில் அவர் சுண்டுவிரல் முறிந்தது. அப்புறம் நேராக நோதார் வீட்டுக்குப் போய், அவன் கடையில் கிடந்த அதே மர அச்சை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்து, "அடிடா" என்றிருக்கிறார். நோதார் தயங்கவில்லை, உன் அப்பாவுக்கு முன்பல் இரண்டு போயின. இரண்டு கிழட்டு மாடுகளும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து நோதாரின் மனைவி, "என் கம்பளத்துல ஏன்டா ரத்தம் சிந்துறீங்க" என்று ஒரு வாளித் தண்ணீரை மேலே கொட்டினாளாம்.

என்னோடு மட்டும் பேச்சில்லை. மருந்துத் துணி மாற்றக் காலை நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒன்பது நாள். நேற்றுக் காலை பழைய துணி புண்ணில் ஒட்டியிருந்தது, நான் இழுத்தேன். அவர் விட்ட உதையில் பேசினோடு மல்லாந்து விழுந்தேன். "மெல்லடி நாசமாப்போறவளே, உயிர் போகுது, வலிக்குதுடி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். நெஞ்சில் கைவைத்தபடி தரையில் கிடந்து, எங்கே இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், குழந்தை மாதிரி அழுதார், இன்னொரு தரம் சொன்னார். லமாரா வந்து பார்த்துவிட்டு விரல் இருக்கட்டும் என்றாள்.

என் விலா நீலமாக இருக்கிறது, கவலைப்படாதே, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், கூலி தருகிறவர்கள் மனசு இளகட்டும். நாள் முழுக்க நிற்கிறவள் நீ, அகலமான செருப்பு வாங்கிப் போடு. அந்த வீட்டில் யாராவது வலிக்கிறதா என்று கேட்டால், நம் வீட்டுப் பெண் என்று பல்லைக் கடிக்காமல், வலிக்கிறது என்று சொல்.

முத்தங்களுடன்,
உன் அம்மா சியாலா
குதாயிசி