மருந்தை நிறுத்தவும்

மார்ச் 4

இன்று கம்பெனியில் ஒரு வாக்கியத்துக்காகப் பாராட்டு வாங்கினேன். பூச்சி மருந்து டப்பா, பின்பக்கம், கீழ் மூலை: 'தலைசுற்றல் ஏற்பட்டால் உடனே மருந்தை நிறுத்தவும்.' ஐந்தே சொற்கள். முன்பு இருந்தது நாலு வரிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. வெட்டித் தள்ளினேன். இலக்கியம் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு இது பரவாயில்லை.

முதலில் 'நஞ்சு தெளிப்பதை நிறுத்தவும்' என்றுதான் எழுதியிருந்தேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நஞ்சா? ஏம்மா, நாம என்ன கொலையா பண்றோம்? மருந்துன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

சொல்கிறார்கள்தான். அப்பாவும் சொல்கிறார், 'மருந்து அடிச்சிட்டு வரேன்' என்று. செடிக்குக் காய்ச்சல் கண்டதுபோல.

மண்டை ஓட்டுப் படத்தையும் சின்னதாக்கச் சொன்னார். பார்க்க ஒரு மாதிரி இருக்கிறதாம். இப்போது அது சட்டைப் பொத்தான் அளவு. அந்த அளவில் அது சிரிப்பதுபோலத் தெரிகிறது.

மார்ச் 19

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு டப்பா இலவசம். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், பிள்ளை மாதிரி.

வீட்டுக்குப் பின்னால் குத்தகை நிலம். தக்காளி, முட்டைகோஸ், ஓரத்தில் பூசணி. இத்தனை வருடத்தில் அப்பா எந்த டப்பாவின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்ததில்லை. இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார்.

"இது நம்ம பொண்ணு எழுதினது."

"பேரைக் காணோமே?"

"மருந்து டப்பால யாருடி பேரு போடுவாங்க?"

என் முதல் வாசகர். அதுவும் சத்தம் போட்டுப் படிக்கிற வாசகர். எத்தனை எழுத்தாளர்களுக்குக் கிடைக்கும்?

கையுறை போடச் சொல்லியும் ஒரு வரி இருக்கிறது என்றேன்.

"அது நீ எழுதினதா?"

"இல்லப்பா, பழைய வரி."

"அதானே பாத்தேன்."

மார்ச் 28

பூசணி பூக்கிறது, உதிர்கிறது. காய் மட்டும் இல்லை. இந்த வருஷம் தேனீயே கண்ணில் படவில்லை என்றாள் அம்மா. அப்பாவுக்குப் பெருமை. "மருந்து நல்லா வேலை செய்யுது."

ஏப்ரல் 2

நாங்கள் சாப்பிடுவதற்கென்று ஓரமாக ஒரு வரிசை. அதற்கு மருந்து கிடையாது. மற்றதெல்லாம் சந்தைக்கு. சந்தையில் வாங்குகிறவர்கள் அதை வைத்து விளையாடுவார்கள் போலிருக்கிறது. காற்றுக்கு இந்த ஏற்பாட்டை யார் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை. தெளிப்பானைக் கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது. வாய்க்காலில் தவளைச் சத்தம் நின்று நாளாகிறது. நிசப்தம் எனக்குப் பிடிக்கும் என்று நான்தான் எங்கோ எழுதி வைத்திருந்தேன்.

அப்பா பின்வாசல் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. அடிக்கடி எச்சில் துப்பினார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா கொஞ்சம் சுத்துது. நீ எழுதினபடிதான் பண்றேன், கவலைப்படாதே."

அப்படியென்றால் நிறுத்திவிட்டார். ஒரு வாக்கியத்தால் உலகில் எதுவும் நடக்காது என்று வகுப்பில் வாதாடியவள் நான். நிம்மதியாகப் போய்த் தூங்கினேன்.

ஏப்ரல் 11

அம்மா சமையலறையிலிருந்து: "உங்கப்பாவோட பிரஷர் மாத்திரை இந்தத் தடவை தீரவே மாட்டேங்குது. அட்சயபாத்திரம் மாதிரி இருக்கு."

சிரித்தோம்.

மாலையில் வீட்டுக்கு வரும்போது கொல்லையில் அந்த வாடை. பக்கத்து நிலத்துக்காரர் அடித்திருப்பார்.

ஏப்ரல் 16

அப்பா விழுந்துட்டார். தக்காளிப் பாத்தியில், முதுகில் தெளிப்பானோடு. வலது கை அசையல. வாய் ஒரு பக்கமா—

அப்புறம் எழுதுகிறேன்.

ஏப்ரல் 18

பிழைத்துவிட்டார். இதை முதலில் எழுதிவிட வேண்டும்.

பக்கவாதம். ரத்த அழுத்தம் எங்கேயோ ஏறிப்போயிருந்ததாம். ரத்தத்தில் பூச்சிக்கொல்லியின் பாதிப்பும் இருக்கிறதாம். தலைசுற்றல், வியர்வை, எச்சில், எல்லாம் அதனால் வந்தவை.

நேற்று டாக்டர் கேட்டார்: "இவர் என்ன மருந்து எடுத்துக்கிட்டிருந்தார்?"

அம்மா பட்டென்று டப்பாவின் பெயரைச் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது செடிக்கு அடிக்கிறதும்மா."

"நீங்க மருந்துதானே கேட்டீங்க?"

பிரஷர் மாத்திரையை அப்பா ஏப்ரல் ஆரம்பத்திலிருந்து தொடவே இல்லை. இன்று வாய் குழற அவரே சொன்னார். ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது.

"தலை சுத்துச்சு. மருந்தை நிறுத்துன்னு போட்டிருந்தே. நிறுத்தினேன்."

"அடிக்கிறதை நிறுத்தணும்ப்பா. மாத்திரையை இல்ல."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குத்தான் மூளையில் ஏதோ அடைப்பு என்பதுபோல.

"தலை சுத்தினது செடிக்கா? எனக்குத்தானே?"

அவர் சொன்னதில் தர்க்கப் பிழையே இல்லை. ஒரு பிரதிக்குப் பல வாசிப்புகள் உண்டு என்று முதுகலையில் கட்டுரை எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவள் நான்.

அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் அலுத்துக்கொண்டார். "யாருங்க இப்படியெல்லாம் எழுதறாங்க?"

தெரியல டாக்டர் என்றேன்.

ஏப்ரல் 24

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் மழுப்பியதையும் சேர்த்து. கண் கலங்கிவிட்டார். நடிப்பில்லை. நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். அப்பாவுக்கென்று ஆள் அனுப்பி ஆப்பிள் வாங்கி வரச் சொன்னார்.

நஞ்சு என்று போட்டிருந்தால் இது நடந்திருக்காது என்றேன். உடனே கூட்டம் போட்டார்கள். சட்ட ஆலோசகர் வந்தார். தேநீர் வந்தது. மாலைக்குள் புது வாக்கியமும் வந்தது:

'மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.'

"இனிமே யாரும் மாத்திரையை நிறுத்த மாட்டாங்க பாருங்க," என்றார் மேலாளர்.

"அடிக்கிறதையும் நிறுத்த மாட்டாங்க சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 30

நான் ஒப்புதல் கொடுக்கவில்லை. அச்சுக்குப் போய்விட்டது. என் ஒப்புதல் எப்போதுமே தேவைப்பட்டதில்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

மே 6

வேலையை விட்டுவிட்டேன். வழியனுப்பும்போது எல்லோரும் கை தட்டினார்கள். நினைவுப் பரிசாக ஒரு டப்பா. புது லேபிள்.

மே 9

அம்மா கேட்கிறாள், வீட்டிலிருக்கும் இரண்டு டப்பாவையும் என்ன செய்வது என்று. மண்ணில் ஊற்ற முடியாது. வாய்க்காலில் ஊற்ற முடியாது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'பாதுகாப்பாக அப்புறப்படுத்தவும்.' எங்கே, எப்படி என்று முன்பு இரண்டு வரி இருந்தது. நீளமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டது யார்?

சரி.

மே 21

அப்பா வீட்டுக்கு வந்து ஒரு வாரம். இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். பாதி கீழே. "குழந்தை பரவாயில்ல," என்கிறாள் அம்மா, துடைத்துக்கொண்டே. அப்பா ஒரு பக்க வாயால் சிரிக்கிறார்.

முட்டைகோஸ் இலையெல்லாம் சல்லடை. புழுக்கள் கொழுத்துக் கிடக்கின்றன. ஜன்னல் வழியாக அப்பா அவற்றைப் பார்க்கிறார். வலது கை மடியில் கிடக்கிறது, வேறு யாருடையதோபோல.

இன்று காலை இரண்டு தாள் வெட்டினேன். ஒன்றில் 'நஞ்சு' என்று எழுதி இரண்டு டப்பாவையும் ஒன்றாகப் போட்டுப் பூட்டிய பெட்டிமேல் ஒட்டினேன். இன்னொன்றில் 'அப்பாவின் மாத்திரை. தினமும். தலை சுற்றினாலும்' என்று எழுதி மாத்திரை டப்பாமேல் ஒட்டினேன். அப்பா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். நேரமானது.

"இது... யாரு எழுதினது?"

"நான்தாம்ப்பா."

"அப்ப சரியாத்தான் இருக்கும்."

இடது கையை நீட்டினார். மாத்திரை அட்டையில் இருந்த பெயரைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். பிறகு கொடுத்தேன்.